ரெண்டும் ஒண்ணுதானே?

2025 மார்ச் மாதக் கடைசியில், எங்கள் பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பின் கடைசி நாளன்று, மேம் ஒரு வேலை வைத்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து, இந்த மூன்று வருஷத்தில் என்ன படித்தோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மார்க் கிடையாது, தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை என்றார். மார்க் இல்லை என்றதும்தான் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மார்க் உண்டு என்றிருந்தால் முதல் நாளே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்போம். முதல் பெஞ்சில் இருந்தவள் எழுந்து போய், "மை ஆம்பிஷன் இஸ் டு பிகம் எ டீச்சர்" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவளும் அதே வாக்கியம். அதற்கடுத்தவளும். அன்று 38 பேர் வந்திருந்தோம். எனக்கு எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டு. 27 டீச்சர், நான்கு போலீஸ், இரண்டு கலெக்டர் வரை எண்ணினேன், அதற்குள் என் முறை வந்துவிட்டது. கொஞ்சம் தனியாகத் தெரியலாமே என்று நினைத்தேனோ என்னவோ, டீச்சருக்குப் பதில் "ப்ரொஃபசர்" என்றேன். மேம் தலையாட்டினார். இரண்டு நிமிடத்தில் நான் பத்து விநாடிகூடச் செலவழிக்கவில்லை.

பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். உறுத்தியது வேறு. ஆறாம் வகுப்பில் 'மை ஆம்பிஷன்' என்று ஒரு கட்டுரை மனப்பாடம் செய்தோம். அதில் டாக்டர் என்று இருந்தது. ஒன்பது வருஷம் கழித்து, அதில் மூன்று வருஷம் ஆங்கிலத்தையே மேஜராகப் படித்த பிறகு, அதே வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் நடுவில் என்னதான் நடந்தது?

81 மார்க்

எங்கள் செட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து. 2021-இல் பதினொன்றாம் வகுப்பும் ஆல்பாஸ். 2022 மே மாதம் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுதான் எங்கள் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. அதில் ஆங்கிலத்தில் 81 வாங்கினேன். அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க்கையும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க்கையும் வைத்துத்தான் தரவரிசை போடுவார்கள். நான் கேட்டது பி.காம். அது கிடைக்கவில்லை, இந்த 81 இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "இங்கிலீசு படிச்சவ எங்க போனாலும் பொழச்சுக்குவா" என்று லோடு ஏற்ற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கியம் என்ற சொல் ஊரில் யார் காதிலும் விழவில்லை. ஆங்கிலம் என்றால் பேசுவது, அவ்வளவுதான். முதல் வருஷத் தீபாவளிக்கு வந்த மாமா ஒருவர், "எங்க, ரெண்டு வார்த்தை பேசு பாப்போம்" என்றார். நான் அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நாங்கள் பேசவில்லை, படித்தோம். அதுவும் தமிழில்தான். மேம் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார், தமிழில் விளக்குவார், நாங்கள் வரிக்கு மேல் பென்சிலால் பொருள் எழுதிக்கொள்வோம். நான் வாங்கியதெல்லாம் பழைய புத்தகங்கள் என்பதால், எனக்கு முன்னால் படித்த இரண்டு செட் அக்காமார் எழுதிய பொருளும் அதில் இருக்கும். சில இடங்களில் இரண்டு அக்காவும் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள், நான் எனக்குப் பிடித்த அக்காவை எடுத்துக்கொள்வேன். பரீட்சைக்கு பஜார் நோட்ஸ். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்து மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறியபோது, என் முதல் ஆயிரத்தில் பாதி அந்த நோட்ஸுக்குத்தான் போனது. இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று, ஆக 75. மீதி 25 இன்டர்னல். எந்தக் கவிதையாக இருந்தாலும் பத்து மார்க் பதிலின் முதல் பத்தி ஒன்றேதான்: கவிஞர் பிறந்த வருஷம், அவர் மகா கவிஞர், இயற்கையை நேசித்தவர். இயற்கையை நேசிக்காத கவிஞர் ஒருவரையும் எங்கள் நோட்ஸ் உள்ளே விட்டதில்லை.

அலைடு பேப்பர் இங்கிலாந்தின் சமூக வரலாறு. 1348 கருப்பு மரணம், 1665 லண்டன் கொள்ளைநோய், 1666 லண்டன் தீ. நோய்க்காலத்தில் நாடகக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள் என்று படித்தபோது வகுப்பே சிரித்தது. அதையெல்லாம் நாங்கள் பார்த்துவிட்டுத்தானே வந்திருந்தோம். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரை கடந்த நாள், எந்தப் பேப்பரிலும் வராது. ஆனால் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற எங்களில் பாதிப் பேருடைய வீட்டுக் கடன் கணக்கு அந்த ராத்திரியிலிருந்துதான் தொடங்குகிறது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. விடிந்து வெளியே வந்தால் தெருவுக்குத் தெரு வானம் பெரிதாகிவிட்டிருந்தது. நிழல் கொடுத்த தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தன.

இத்தனை சொன்னதில் மேமின் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எந்தக் கவிதையை எடுத்தாலும் முதல் கேள்வி, "இதுல யார் பேசுறா?" நான் ஒவ்வொரு தடவையும் "பொயட்" என்பேன். "பொயட் எழுதினாரு. பேசுறது யாரு?" என்பார். நான்காம் செமஸ்டரில் ஒரு கவிதை. ஒரு பிரபு, இறந்துபோன தன் மனைவியின் படத்தைக் காட்டி, இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே போகிறான். நானும் அவனோடு சேர்ந்து உருகிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மேம், "அவளை என்ன பண்ணான்னு நினைக்கிறீங்க?" என்றார். கொன்றேன் என்று எந்த வரியிலும் இல்லை. திரும்பப் படித்தால் ஒரே ஒரு இடத்தில் ஒரு வாக்கியம் வேண்டுமென்றே சின்னதாக இருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது யார் பேசினாலும், இவர் எதை விட்டுவிட்டுப் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கண்டக்டர் சில்லறை இல்லை என்றது உட்பட. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு இரண்டு மார்க் கேள்விகூட வராது. அதனால் அதை நான் படிப்பு என்று கணக்கில் வைக்கவில்லை.

27 டீச்சர்

கடைசி நாள் வகுப்பு முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் எல்லோரும் உண்மை பேசினோம், தமிழில். கீரமங்கலத்துக்காரி விடியற்காலையில் மல்லி எடுத்துப் பூக்கடையில் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறவள். அவள் உண்மையாகவே டீச்சர் ஆக வேண்டும் என்று நினைக்கிறவள். அதற்கு பி.எட். இரண்டு வருஷம், அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு. அந்தத் தேர்வில் மொத்தம் 150 மார்க், அதில் ஆங்கிலத்துக்கு 30. கணக்கு-அறிவியல் அல்லது சமூக அறிவியலுக்கு 60. "ஷேக்ஸ்பியருக்குத் தனிப் பேப்பர் எழுதினோம். இங்கிலீஷ் டீச்சர் ஆகணும்னா இனிமே முகலாயர் ஆட்சி படிக்கணும்" என்று சிரித்தாள். தகுதித் தேர்வில் தேறினாலும் வேலை வந்துவிடாது, அது வேறு பரீட்சை என்பதை யாரும் அந்த மரத்தடியில் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆலங்குடிக்காரன் ஜூலை 12 குரூப் 4-க்குப் படிக்கிறான். பொது ஆங்கிலத்தை எடுத்து எழுதலாம் என்ற காலம் போய்விட்டது, இப்போது தமிழ்தான் கட்டாயம். மூன்று வருஷமாகத் தூசி படிந்த பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்து வினைத்தொகையும் பண்புத்தொகையும் உருப்போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய குறை வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி என்பதால் அதில் அவனுக்கு இடமிருக்கிறது. குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும், பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஆங்கில இலக்கியத்தைத் தமிழ் வழியில் படிக்க முடியுமா? "க்ளாஸ் ஃபுல்லா மேம் தமிழ்லதானடா நடத்துனாங்க, அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அவன் மட்டும் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தோம்.

திருமயத்துக்காரன் சென்னைக்குப் போகிறான். ஏஆர் காலர் வேலை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டால், ஆஸ்பத்திரி சார்பில் இங்கிருந்து கூப்பிட்டு ஏன் மறுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். சாயங்காலம் போய் விடியற்காலை வருகிற ஷிஃப்ட். இரண்டு பேருக்கு அப்பா சிங்கப்பூரில். அவர்களுக்கு அங்கே போவதா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி. ஒருத்திக்கு ஐந்தாம் செமஸ்டரிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அவள் அன்றைக்கு வரவில்லை.

என்னை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். ப்ரொஃபசர்தான் என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். "மேமைப் பாத்துமா?" என்றாள் கீரமங்கலத்துக்காரி. மேம் முனைவர் பட்டம் வாங்கியவர், கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் தேர்வில் தேறியவர், ஒன்பது வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்துக்கு 11 மாதம். 'கௌரவ' என்ற சொல்லை யார் வைத்தார்களோ.

எதிர்வீட்டுக் கடிதம்

ஏப்ரல் மூன்றாவது வாரம், அடுத்த பரீட்சைக்கு மூன்று நாள் இடைவெளி இருந்த ஒரு ராத்திரி, எதிர்வீட்டுச் சித்தி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். சொந்தமில்லை, பிறந்ததிலிருந்து சித்தி. "ஆத்தா, நீ இங்கிலீசுதானே படிக்கிற. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு." இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பூச்சிமருந்து டப்பா, பேங்க் நோட்டீஸ், ஸ்கேன் ரிப்போர்ட் என்று எதையாவது யாராவது நீட்டுவார்கள். ஒருமுறை ஸ்கேன் ரிப்போர்ட்டில் பாதிச் சொல் புரியாமல் "எல்லாம் நார்மல்தான்" என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு நாற்பது தென்னை இருந்தது. கஜாவில் முப்பத்தொன்று போனது. அதற்கப்புறம் தூரத்து உறவான ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து, "மரம் விழுந்தா கவர்மென்ட்டு குடுக்கும், மனுசன் விழுந்தா யாரு குடுப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வேலை செய்தது. 2019 மார்ச்சில், நிவாரணப் பணத்திலிருந்தே முதல் பிரீமியம் கட்டினார். மூன்று லட்சம் ரூபாய் பாலிசி, வருஷத்துக்கு 12,460. கொரோனாவில் 2021, 2022 தவணைகள் தவறிப் பாலிசி லேப்ஸ் ஆகி, 2022 அக்டோபரில் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் புதுப்பித்தார். 2024 நவம்பரில் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

பையில் இருந்தது 2025 மார்ச் 11 தேதியிட்ட கடிதம், ஒன்றரைப் பக்கம். அதோடு சில ஜெராக்ஸ், ஒரிஜினல் பாலிசி பாண்டு. மூன்று வாரமாக ஏஜென்ட் "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இப்போது ஃபோனை எடுப்பதில்லை. திண்ணையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்தேன். தலைப்பிலேயே 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று அடிக்கோடிட்டு இருந்தது. ப்ரெஜுடிஸ் என்ற சொல்லை நான் ஒரு நாவலின் தலைப்பில் பார்த்திருக்கிறேன், இங்கே அதற்கு என்ன வேலை என்று புரியவில்லை. அப்புறம் 'ரிப்யூடியேட்'. ஃபோனில் தேடினேன், மறுதலித்தல் என்றது. எனக்குச் சேவல் கூவுவதற்குள் மறுதலித்த பேதுருதான் ஞாபகத்துக்கு வந்தார். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொசு கடித்தாலும் அசையவில்லை.

இதுல யார் பேசுறா? அந்தக் கேள்வி தானாகத்தான் வந்தது. கடிதத்தில் யாரும் பேசவில்லை. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன, கண்டறியப்பட்டது, மறுதலிக்கப்படுகிறது. ஒரு இடத்தில்கூட ஒரு ஆள் இல்லை. 'ரிக்ரெட்' என்ற சொல் மட்டும் ஒருமுறை வந்தது. யார் வருந்துகிறார் என்று பார்த்தால் அங்கே 'நாங்கள்' என்று இருந்தது. வருத்தப்படுவதற்கு மட்டும் ஆள் இருக்கிறார்கள், மறுப்பதற்கு இல்லை.

காரணம் இரண்டாம் பக்கத்தில். 2021-இல் சித்தப்பா கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதிய சீட்டின் ஜெராக்ஸ் இணைத்திருந்தார்கள். அதில் 'கே/சி/ஓ டி2டிஎம்' என்று கிறுக்கியிருந்தது. சர்க்கரை நோய் இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்டவர் என்று பொருள். யாரால் அறியப்பட்டவர்? சித்தி சொன்னார்: "அந்த வார்டுல எல்லாருக்கும்தான் சுகர் ஏறுச்சு. பத்து நாள் மாத்திரை குடுத்தாங்க, அப்புறம் நின்னுபோச்சு." 2022-இல் பாலிசியைப் புதுப்பிக்கும்போது கொடுத்த உடல்நல உறுதிமொழிப் படிவத்தின் ஜெராக்ஸும் இருந்தது. கேள்விகள் ஆங்கிலத்தில். எதிரே வரிசையாக நோ, நோ, நோ, நோ. எல்லா நோவும் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில். கீழே ஓரத்தில் சித்தப்பாவின் கையெழுத்து, தமிழில், கோட்டைத் தாண்டிப் போகாமல் கவனமாகப் போட்டது. அதற்கும் கீழே, படிவத்தில் உள்ளவற்றை இவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கிச் சொன்னேன் என்று ஏஜென்ட்டின் உறுதிமொழி. எந்த மொழி என்ற கோட்டில் 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

'சப்ரஷன் ஆஃப் மெட்டீரியல் ஃபேக்ட்' என்று முடிந்தது கடிதம். இதைச் சித்திக்கு எப்படிச் சொல்வது? முக்கியமான விஷயத்தை மறைத்துவிட்டார் என்று போட்டிருக்கிறது என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவரு பொய் சொன்னாருன்னா போட்டிருக்கு?"

"பொய்னு போடல சித்தி. மறைச்சாருன்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று பையை வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை, தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் காலை பாண்டின் பின்பக்கங்களைப் படித்தேன். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவை எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மூன்று வருஷம் முடிந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. 2019-இல் எடுத்தது, 2025-இல் கேள்வி கேட்கிறார்கள். எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடியே விட்டேன். சித்தி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "சித்தி, மூணு லட்சமும் வரும்" என்று சொல்லியும் விட்டேன். அந்த வாளி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது, பாதித் தண்ணீரோடு அப்படியே கீழே வைத்தார்.

திரும்பி வந்து மறுபடி படித்தபோதுதான் வாக்கியம் அங்கே முடியவில்லை என்று தெரிந்தது. பாலிசி எடுத்த தேதி, அல்லது இன்னது, அல்லது புதுப்பித்த தேதி, அல்லது இன்னது, 'விச்எவர் இஸ் லேட்டர்'. எது கடைசியோ அது. பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்த மூன்று சொல். புதுப்பித்தது 2022 அக்டோபர், கேள்வி கேட்டது 2025 மார்ச். இரண்டு வருஷம் ஐந்து மாதம். கமாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓடியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மத்தியானம் வரை எதிர்வீட்டுப் பக்கம் தலைவைக்கவில்லை. அப்புறம் போய்ச் சொன்னேன். சித்தி "சரி ஆத்தா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாள். திறனாய்வுப் பேப்பர். நோட்ஸை விரித்து வைத்துக்கொண்டு 45-ஆம் பிரிவையே நான்காவது தடவையாகப் படித்தேன். இந்த முறை வேகமாகப் போகவில்லை, அக்காமார் மாதிரி வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். மறைத்தல், தவறான தகவல், மோசடி. மோசடிக்குத் தனிப் பத்தி. மறைத்தலுக்குத் தனிப் பத்தி. அந்த இரண்டாவது பத்தியின் வாலில் ஒரு விதிவிலக்கு தொங்கிக்கொண்டிருந்தது: மறைத்ததற்காகவோ தவறான தகவலுக்காகவோ மறுதலித்தால், மோசடி என்று சொல்லாதபட்சத்தில், அதுவரை கட்டிய பிரீமியம் முழுவதையும் மறுதலித்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனிக் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். 'ஃப்ராட்' என்ற சொல் எங்குமே இல்லை. பிரீமியத்தைத் திருப்பித் தருவது பற்றியும் எங்குமே இல்லை. ஆறு தவணை, 74,760 ரூபாய். சித்தி முதல் நாள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ரெண்டும் ஒண்ணு இல்லை சித்தி, நடுவில் 74,760 ரூபாய் இருக்கிறது.

திருமயத்துக்காரனுக்கு வாட்ஸ்ஆப்பில் சொன்னேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மறுப்புக் காரணத்துக்கும் ஒரு கோட் நம்பர் உண்டாம், டிரெயினிங்கில் அதைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வார்களாம். அங்கே மறுக்கப்பட்ட பணத்துக்காகச் சென்னையில் கட்டடம் கட்டி ஆள் வைத்து ராத்திரி முழுக்கக் கேள்வி கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்கு நான் ஒருத்தி, அதுவும் செமஸ்டருக்கு நடுவில்.

கைண்ட்லி

விஷயத்தைச் சொன்னதும் சித்தி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "அந்தப் பணத்தைக் குடுன்னு கேட்டா, அவரு மறைச்சாருன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடாதா?" ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மூன்று வருஷத்தில் எங்கள் வகுப்பில் யாரும் மேமிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பணம் வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துபோனேன். அப்போதுதான் கடிதத்தின் தலைப்பில் அடிக்கோடிட்டிருந்த அந்த இரண்டு சொல்லுக்கு வேலை என்ன என்று தேடிப் பார்த்தேன். இதை எழுதுவதால் எங்கள் உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று பொருள். அவர்கள் தங்களுக்காக முதல் வரியிலேயே போட்டுக்கொண்ட வேலி. அதையே நாமும் போட்டுக்கொள்ளலாம் சித்தி என்றேன்.

மூன்று வருஷத்தில் மார்க்குக்காக இல்லாமல் நான் எழுதிய முதல் ஆங்கிலம் அந்தக் கடிதம். முதல் டிராஃப்ட் 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, காய்ச்சலுக்கு லீவு கேட்பது போலவே இருந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று டிபார்ட்மென்ட்டுக்குப் போய் மேமிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை, பென்சில் எடுத்தார். 'கைண்ட்லி' என்று நான்கு இடத்தில் இருந்ததை அடித்தார். 'புவர் விடோ' என்பதை அடித்தார். அப்புறம் நிமிர்ந்து, "இதுல யார் பேசுறா?" என்றார். நான் சித்திக்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முழுக்க நானே பேசியிருந்தேன், அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், அவர் பாவம், அவர் படிக்காதவர் என்று. உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். என் கணவர் படிவத்தை நிரப்பவில்லை. என் கணவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் எதையும் மறைத்தார் என்பதை நான் ஏற்கவில்லை. மறைத்தார் என்பதுதான் உங்கள் நிலை என்றால், 45-ஆம் பிரிவின்படி பிரீமியத்தை ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை? சின்னச் சின்ன வாக்கியங்கள். மேம் இரண்டு தடவை படித்துவிட்டு, விட்டுப்போன ஒரு ஆர்ட்டிக்கிளை, 'எ'யோ 'தி'யோ, சேர்த்துவிட்டுக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது என்பதையும் கடைசிப் பத்தியில் சேர்த்தோம்.

கிளம்பும்போது மேம், "சரி, ப்ரொஃபசர் ஆகப்போறியா?" என்றார்.

"தெரியல மேம்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. 'ஐ டோன்ட் நோ'ன்னு மூணே வார்த்தை" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைப் பையில் வைக்க ஆரம்பித்தார். கோடை விடுமுறை மாதம், அவருக்குச் சம்பளம் இல்லாத மாதம். அதைக் கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

சித்தி தமிழில் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினோம், ஒப்புகை அட்டையும் திரும்பி வந்துவிட்டது. பெற்றுக்கொண்டவர் பெயரை யாராலும் படிக்க முடியாது. எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன், பி.எட். விண்ணப்பமும் அப்பா வாங்கி வந்திருக்கிறார். இரண்டும் அலமாரியில் இருக்கின்றன. திருமயத்துக்காரன் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டான், பகலில் மெசேஜ் போட்டால் பதில் வராது. மார்ச் 11-லிருந்து 90 நாள் எண்ணினால் ஜூன் 9, திங்கட்கிழமை. சித்தி வீட்டுத் தினசரி காலண்டரில் அந்தத் தாளின் நுனியை மடித்து வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் மடிப்பு விரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.